தெரிந்தவர் பெயரில் வரும் மின்னஞ்சலும் எமது வீட்டுக் கணனியும்

காத்தான்குடியில் கணனி திருத்தும் தொழில் செய்பவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் உழைப்பவரின் கடவுச்சீட்டுப் பிரதி, காணி உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ்கள், மர்ஹூமான வாப்பாவின் புகைப்படம் என எல்லாமே எமது வீடுகளில் இன்று ஒரு கணனிக்குள்தான் இருக்கின்றன. "நம்மட கம்பியூட்டருக்கு யார் வைரஸ் அனுப்பப் போறாங்க?" என்று பலர் கேட்கிறார்கள். யாரும் எம்மைக் குறிவைக்க வேண்டியதில்லை.

2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும், அவர் பெயரிலேயே அது தன்னை அனுப்பிக்கொண்டது. தெரிந்தவர் அனுப்பியது என்று நம்பித் திறந்தவர்களின் புகைப்படக் கோப்புகள் அழிந்தன. கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்ததால், அது சாதாரண எழுத்துக் கோப்பாகவே தெரிந்தது.

எமது நாட்டிலும் 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் கட்டமைப்பைக் கப்பம் கோரும் 'ரான்சம்வேர்' தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்குரிய பெக்அப் இருக்கவில்லை. மென்பொருளும் 2013ஆம் ஆண்டின் பழைய பதிப்பு. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால் எமது வீட்டுக் கணனி எம்மாத்திரம்?

நாம் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல.

முதலாவது, எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பியவர் சொந்தச் சகோதரராக இருந்தாலும், அழைத்துக் கேட்டுவிட்டுத் திறவுங்கள். வேர்ட், எக்ஸல் கோப்புகள் 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால் அழுத்த வேண்டாம். கோப்புப் பெயர்கள் முழுமையாகத் தெரியும்படி விண்டோஸில் மாற்றிவையுங்கள்.

இரண்டாவது, அப்டேட்களை நிறுத்தாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத கணனியில் லினக்ஸ் போடலாம். 'கிராக்' செய்த அன்டிவைரஸ் வேண்டவே வேண்டாம்; அதற்குள்ளேயே வைரஸ் வரலாம். விண்டோஸுடன் இலவசமாக வரும் டிஃபென்டர் வீட்டுப் பாவனைக்குப் போதுமானது.

மூன்றாவதே மிக முக்கியம். முக்கியமானவற்றை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, உடனே கழற்றி வையுங்கள். செருகியபடி விட்டால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

தாக்கப்பட்டது தெரிந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். உங்கள் பெயரில் வரும் மின்னஞ்சலைத் திறக்க வேண்டாம் என்று உறவினர்களுக்கு அறிவியுங்கள். கப்பம் கொடுத்தாலும் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இது குற்றம் என்பதால் முறைப்பாடும் செய்யலாம்.

பழுதான கணனியை என்னால் திருத்தித் தர முடியும். பூட்டப்பட்ட புகைப்படங்களைப் பெரும்பாலும் மீட்டுத் தர முடியாது. ஆகவே அந்தப் பிரதியை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.