நாலு அறை விடுதியும் நாளொன்றுக்கு நாலாயிரம் பேரும்

டேராடூனுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவன் எவனும் ஒரு பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. "நான்கு தலங்களையும் பார்த்துவிட வேண்டும், நீ அங்கேதானே இருக்கிறாய்?" என்று ஊரிலிருந்து ஒரு பெரியப்பாவோ ஓர் அத்தையோ தொலைபேசியில் கேட்கும் நாள் கட்டாயம் வரும். யமுனோத்திரி, கங்கோத்திரி, கேதாரநாதம், பத்ரிநாதம் ஆகியவையே அந்த நான்கு. பத்ரி, ஆழ்வார்கள் பாடிய திருவதரி அன்றோ? ஆகவே ஆசைக்குக் குறைவில்லை. நாம் அவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "பதிவு செய்துவிட்டீர்களா?" என்பதுதான். அந்தப் பதிவு யாத்திரிகரை என்ன செய்கிறது என்பது பலருக்குத் தெரியும். வழியிலுள்ள சிறிய விடுதிக்காரரை அது என்ன செய்கிறது என்பதை நான் தற்செயலாகத் தெரிந்துகொண்டேன்.

2024 மே மாதம் தாவரங்கள் சேகரிக்கச் சென்ற குழுவோடு பர்கோட்டில் தங்கியிருந்தேன். யமுனோத்திரி செல்வோர் இரவு தங்கும் ஊர் அது. கீழே யமுனை, மேலே பைன் மரங்கள். எங்கள் விடுதியில் நாலே அறைகள்; கீழ்த்தளத்தில் உரிமையாளரின் குடும்பம். ஒரு மாலை அவர் தொலைபேசியை என் கையில் கொடுத்து, "உங்கள் ஊர்க்காரர்கள் போலிருக்கிறது, பேசுங்கள், பேட்டா" என்றார். மறுமுனையில் கும்பகோணத்து அம்மா ஒருவர். பதினொரு பேர் ஹரித்துவாரம் வரை வந்துவிட்டார்கள். "வந்தபிறகு அங்கேயே பதிந்துகொள்ளலாம்" என்று முகவர் சொல்லியனுப்பியிருக்கிறார். அந்தப் பருவத்தில் கூட்டம் கட்டுக்கடங்காமற் போகவே, ஹரித்துவாரத்திலும் ரிஷிகேசத்திலும் நேரடிப் பதிவை மே 31 வரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பதிவில்லாமல் மேலே விட மாட்டார்கள். "தம்பி, அறைக்கு முன்பணம் கொடுத்திருக்கோமே, அவரிடம் கொஞ்சம் சொல்லுப்பா" என்றார் அந்த அம்மா. நான் சொன்னேன். அவர் முழுப் பணத்தையும் அப்போதே கைப்பேசி வழியாகத் திருப்பி அனுப்பினார். உள்ளே அவர் மனைவி, தமிழர்கள் சப்பாத்தி உண்ணமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பத்துக் கிலோ அரிசி வாங்கி வைத்திருந்தார். அன்றிரவு எங்களுக்குத்தான் சோறு.

இரண்டு இரவுகள், நாலு அறைகள். பெரிய நஷ்டமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோயில்கள் அட்சய திருதியையை ஒட்டித் திறந்து தீபாவளியை ஒட்டி மூடுகின்றன. பெயருக்கு ஆறு மாதம். ஜூலையும் ஆகஸ்டும் மழைக்கும் மண்சரிவுக்கும் போய்விடும். மழைக்குப் பின் வருவோர் குறைவு. ஆகவே ஆண்டுச் சம்பாத்தியத்தின் பெரும்பகுதி மே, ஜூன் என்ற அறுபது நாட்களுக்குள் அடங்கிவிடுகிறது. நாலு அறைக்கு 240 அறை-இரவுகள்! அவற்றில் பன்னிரண்டு நாட்கள் காலியாயின் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. வங்கித் தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். நூறு பேருந்துகள் ஓட்டும் பயண நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு தலத்துக்கு இடம் கிடைக்காவிட்டால் வண்டியை வேறு தலத்துக்குத் திருப்பும். பதிவு செய்து தருவதற்கென்றே அலுவலகத்தில் ஆள் வைத்திருக்கும். பர்கோட்டு வீட்டைத் தூக்கிக்கொண்டு பத்ரிக்குப் போக முடியுமா?

அப்படியானால் வரம்பே வேண்டாவா? அப்படிச் சொல்வோரும் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. என் விடுதிக்காரரும் இல்லை. 2013 ஜூன் வெள்ளத்தில் கேதாரப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டதை இந்த மலைக்காரர்கள் மறக்கவில்லை. 2025 ஆகஸ்டு 5 அன்று கங்கோத்திரிச் சாலையிலுள்ள தராலியில், ஓடை கொண்டுவந்த சேறு ஹோட்டல்களையும் வீடுகளையும் சில நொடிகளில் மூடிய காட்சியை நாமும் பார்த்தோம்.

தாவரவியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒரு வார்த்தை. தாங்குதிறன் என்று எங்கள் பாடத்தில் ஒன்று உண்டு. ஒரு மேய்ச்சல் நிலத்தில் அளவோடு ஆடுகள் மேய்ந்தால் புல் மறுபடி தழைக்கும். அளவு மீறினால் வேரும் போய்விடும். அந்த அளவே நிலத்தின் தாங்குதிறன். யாத்திரைப் பாதைக்கும் இது பொருந்தும். ஆனால் எதை வைத்து அளப்பது? ஜெர்மானிய ரசாயனி லீபிக் பரப்பிய விதியொன்று, பயிரின் வளர்ச்சியை நிர்ணயிப்பது நிறைய இருக்கும் சத்தன்று, மிகக் குறைவாக இருக்கும் சத்தே என்கிறது. ஜானகிச் சட்டியிலிருந்து யமுனோத்திரிக்கு ஏறும் ஐந்தாறு கிலோமீட்டர் ஒற்றைப் பாதையில் நடப்போர், குதிரைகள், டோலிகள் எல்லாம் ஒன்றாய் நெரிகின்றன. அங்கே குறைவாயிருப்பது பாதையின் அகலமா, கழிப்பிடமா, குடிநீரா, மருத்துவரா? எது குறைவோ அதுதான் எண்ணிக்கையைத் தர வேண்டும்.

இனி, தரப்பட்ட எண்களைப் பாருங்கள். 2021 செப்டம்பரில், பெருந்தொற்றுக் காலத்தில், உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் யமுனோத்திரிக்கு நாளொன்றுக்கு 400 பேர், கேதாரத்துக்கு 800 பேர் என்று அனுமதித்தது. அக்டோபரில் அந்த வரம்பை நீக்கியது. 2022-இல் அரசாங்கம் முதல் 45 நாட்களுக்கு யமுனோத்திரிக்கு 4,000, கங்கோத்திரிக்கு 7,000, கேதாரத்துக்கு 12,000, பத்ரிக்கு 15,000 என்று நிர்ணயித்தது. 2023 ஏப்ரலில் விடுதிக்காரர்களும் கோயில் புரோகிதர்களும் எதிர்க்கவே வரம்பு கைவிடப்பட்டது. அவ்வாண்டு வந்தவர் தொகை 50 இலட்சத்தைத் தாண்டியது. மறு ஆண்டு தொடக்கத்திலேயே நெரிசல். நேரடிப் பதிவு நிறுத்தம். 2025-க்கு, பதிவில் 60 விழுக்காடு இணையவழி, 40 விழுக்காடு நேரில் என்று அறிவித்தார்கள்.

மலை அதே மலைதான். நானூறு என்பது நோய்க்குப் பயந்து வைத்த எண், அதை விட்டுவிடுவோம். நாலாயிரத்துக்கும் வரம்பின்மைக்கும் இடையில் ஓராண்டில் பாதை அகலமாகிவிட்டதா? எண் எப்படி வந்தது என்பது அறை வாடகைக்கு விடுபவனுக்குத் தெரியாவிட்டால், அடுத்த ஆண்டு என்ன வரும் என்பதும் அவனுக்குத் தெரியாது. எதிர்ப்பவன் வரம்பை எதிர்க்கிறான் என்று நாம் நினைக்கிறோம். அவனை வாட்டுவது பெரும்பாலும் அந்தத் தெரியாமைதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இம்மாநிலத்தில் சுற்றுலா வளர்ச்சி வாரியம் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. 2018-இல் தீனதயாள் உபாத்தியாயர் பெயரால் வீட்டு விடுதித் திட்டம் வந்தது. உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். அன்றைய விதிப்படி ஆறு அறைக்கு மேல் கூடாது. மலைப்பகுதியில் முதலீட்டில் 33 விழுக்காடு, 10 இலட்ச ரூபாய்க்கு மேற்படாமல், மானியம் என்று அப்போது வைத்தார்கள். காலியாகிவரும் மலைக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் டில்லிக்கு ஓடாமலிருக்க நல்ல வழி. இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அறை கட்டு என்று அழைக்கும் அரசாங்கமே எத்தனை பேர் வரலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. இரண்டு மேசைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா? பள்ளத்தாக்கில் எத்தனை படுக்கைகள் உள்ளன என்பதைப் பதிவு விண்ணப்பத்தோடு சேர்த்துப் பார்த்தால், அறை எடுத்தவருக்கு நாளும் கிடைக்கும், நாள் கிடைத்தவர் சாலையோரம் வண்டியில் உறங்கவும் வேண்டாம்.

என் விடுதிக்காரர் கேட்பது மூன்று. வரும் பருவத்தின் எண்ணைப் பனிக்காலத்திலேயே சொல்லிவிடுங்கள்; வழியில் அறை எடுத்தவர்களுக்குப் பதிவில் ஒரு பங்கு ஒதுக்குங்கள்; எண்ணைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்குப் பெரிய ஹோட்டல்காரரோடு நாலு அறைக்காரன் ஒருவனையும் கூப்பிடுங்கள். முதலும் மூன்றும் மறுக்க முடியாதவை என்பது என் கருத்து. இரண்டாவதில் எனக்கு ஐயம் உண்டு. அறை எடுக்க வசதியில்லாமல் சத்திரத்தில் ஒதுங்கும் ஏழை யாத்திரிகனின் இடம் அதனால் குறையுமே என்றேன். "அதையும் கூட்டத்தில் பேசுவோம், முதலில் கூப்பிடச் சொல்லுங்கள்" என்றார் சிரித்துக்கொண்டே.

இதில் எனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று கேட்கும் நண்பர்களுக்கு: என் ஊர் தென்காசி. குற்றாலச் சீசனில் எங்கள் மாடியில் இரண்டு அறைகளை அம்மா வாடகைக்கு விடுவார். என் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான். நான் பர்கோட்டில் இருந்த அதே 2024 மே மாதம் 17-ஆம் நாள், பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். குளிக்கத் தடை போட்டார்கள். அம்மா தொலைபேசியில், "தடை போட்டது சரிதான்டா, பிள்ளை போயிட்டானே. எப்ப எடுப்பாங்கன்னு யாராவது சொன்னா அதுக்குத் தக்கன அரிசி களையலாம்" என்றார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அதே பேச்சை நான் இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புறப்படும் நாளில் விடுதிக்காரர், "உங்கள் விஞ்ஞானம் யமுனோத்திரிக்கு எத்தனை பேர் என்கிறது?" என்று கேட்டார். அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். அவர் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். எட்டு ஆண்டுகளாக எந்த நாள் எத்தனை பேர் தங்கினார்கள், எந்த நாள் சாலை மூடியிருந்தது, எந்த நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டேன். எழுத்து இந்தியில்தான் இருக்கிறது, எண்கள் நமக்குப் புரியும். புள்ளியியல் படிக்கும் நண்பர் எவரேனும் உட்கார்ந்து பார்க்க விரும்பினால், மாலை ஆறு மணிக்கு மேல் என் அறைக்கு வரலாம்.