தட்டில் முளைக்காதவை

ஒன்று 'இருக்கிறது' என்பதற்கு அத்தாட்சி என்ன? நுண்ணுயிரியலில் நெடுங்காலம் ஒரே பதில்தான்: வளர்த்துக் காட்டு. நோயாளியிடமிருந்து கிருமியைப் பிரித்து, தனியே வளர்த்து, அதைக்கொண்டு அதே நோயை உண்டாக்க வேண்டும் என்றன ராபர்ட் காக் பெயரால் வழங்கும் விதிகள். நிரூபணத்துக்கான இந்த விதி மெல்ல மெல்ல இருப்புக்கான விதியாகிப் போனது: 'வளரல, அப்ப அது இல்ல.' மண்ணையோ கடல்நீரையோ மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தால் தெரிகிற உயிர்களில், தட்டில் முளைப்பது பெரும்பாலும் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. மற்றவை கணக்கிலேயே வரவில்லை.

விப்பிள் நோயை எடுத்துக்கொள்வோம். மூட்டுவலி, வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு, கவனிக்காவிட்டால் சாவு. 1907இல் ஜார்ஜ் விப்பிள் இறந்துபோன ஒரு மிஷனரி மருத்துவரின் திசுவில் குச்சி வடிவக் கிருமிகளைக் கண்டார். கண்டும், கொழுப்புச் செரிமானக் கோளாறு என்றே நினைத்தார். 1950களில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கேட்டது. 1960களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பிலும் கிருமி தெரிந்தது. ஆனால் தட்டில் வளரவில்லை. ஆகவே அடையாளமும் இல்லை.

1992இல் டேவிட் ரெல்மன் குழுவினர் வளர்ப்பதை ஒதுக்கிவிட்டுத் திசுவிலேயே மரபணுவைத் தேடினார்கள். எல்லாப் பாக்டீரியாவிலும் ரைபோசோமுக்கான ஒரு மரபணு உண்டு. அதில் சில பகுதிகள் அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கும்; நடுவில் உள்ளவை இனத்துக்கு இனம் மாறும். ஒன்றுபோல உள்ள இடத்தில் ஒட்டுகிற சிறு டிஎன்ஏ துண்டுகளைப் போட்டு, இடைப்பட்டதைப் பிசிஆர் முறையில் பெருக்கி, எழுத்தெழுத்தாகப் படித்து, தெரிந்தவற்றோடு ஒப்பிட வேண்டும். 1977இல் கார்ல் வோஸ் உயிர்களின் உறவுமுறையை வகுத்தது இந்த ரைபோசோம் ஆர்என்ஏவை வைத்துத்தான். ரெல்மன் குழுவுக்குக் கிடைத்தது அதுவரை அறியப்படாத ஒரு பாக்டீரியா. 'ட்ரோஃபெரிமா' என்று பெயர் வைத்தார்கள். 2000இல் பிரான்சில் அதை மனிதச் செல்லுக்குள் வளர்த்தும் காட்டினார்கள். இரட்டிப்பாக 18 நாள் பிடித்தது. ஆக, அது வளரும்தான். நாம் கொடுத்த தட்டில், நாம் கொடுத்த நேரத்தில் வளரவில்லை, அவ்வளவே.

இங்கே கொண்டாடி முடித்துவிட முடியாது என்று நினைக்கிறேன். மரபணு கிடைத்தால் கிருமி உயிரோடிருக்கிறது என்றோ, அதுதான் நோய்க்குக் காரணம் என்றோ ஆகாது. செத்த கிருமியின் டிஎன்ஏவும் பெருகும். இன்னொன்று, அந்தச் சிறு துண்டுகளுக்கு 'சர்வப்பொது' என்று பெயர். 2002இல் ஐஸ்லாந்துக்கு வடக்கே, கடலடி வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்த மாதிரியில் நானோஆர்க்கியம் என்ற உயிர் தெரியவந்தது. சர்வப்பொது வலையில் அது விழவே இல்லை. ஏற்கெனவே தெரிந்த உயிர்களை வைத்துப் பின்னிய வலை அது.

'பொது' என்று எதைச் சொன்னாலும், யாரை வைத்து அளந்தீங்க என்று கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு. 'சோதித்தோம், ஒன்றும் இல்லை' என்று வரும் அறிக்கையிடமும் அதைக் கேட்கலாம்: எந்தத் தட்டில், எந்த வலையில் தேடினீர்கள்?