எளியோர் வீட்டுக்கும் ஓவியம்: வங்க மரபை மீட்ட ஜாமினி ராயும் திருவனந்தபுரம் சேகரிப்பும்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் பழைய கோட்டைப் பகுதியை ஒட்டிய ஸ்ரீவராகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அருங்காட்சியக வளாகத்தில் அமைந்துள்ளது ஸ்ரீ சித்ரா கலைக்கூடம். 1935ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்கூடம், ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களுக்காகவே பெரிதும் அறியப்படுகிறது. வங்கத்தின் நாட்டுப்புற ஓவிய மரபைத் தமது வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்ட ஜாமினி ராயின் படைப்புகளும் இதன் சேகரிப்பில் உள்ளன.

இவ்விருவரும் எதிரெதிர்த் திசைகளில் பயணித்தவர்கள். ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைக் கைவசப்படுத்தி, அதில் இந்தியப் புராண மாந்தர்களைத் தீட்டினார் ரவிவர்மா. அதே முறையில் பயிற்சியும் தேர்ச்சியும் பெற்ற பின்னர் அதைக் கைவிட்டு, கிராமத்து ஓவியர்களிடம் திரும்பினார் ராய். ஆயினும், ஓவியம் சாதாரண மக்களின் வீடுகளைச் சென்றடைய வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

உருவப்படங்களிலிருந்து கிராமத்துக்கு

மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில் உள்ள பெலியாதோர் கிராமத்தில் 1887ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி பிறந்தவர் ஜாமினி ராய். 16ஆவது வயதில் கொல்கத்தா அரசு கலைப் பள்ளியில் சேர்ந்தார். அவர் அங்கு பயின்ற காலத்தில் துணை முதல்வராக இருந்தவர் அபனீந்திரநாத் தாகூர். 1908ஆம் ஆண்டு பட்டயம் பெற்ற ராய், வசதி படைத்தோரின் உருவப்படங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுத்து வாழ்க்கை நடத்தினார்.

1920களின் நடுப்பகுதியில் அவரது பார்வை மாறத் தொடங்கியது. காளிகாட் கோயிலைச் சுற்றி, யாத்ரீகர்களுக்காகக் காகிதத்தில் விரைவாகத் தீட்டி விற்கப்பட்ட படங்கள் அவரை ஈர்த்தன. ஆனால், நகரத்தின் சாயல் அவற்றிலும் படிந்துவிட்டதாகக் கருதிய அவர், பாங்குராவின் கிராமங்களை நோக்கிச் சென்றார்.

அங்கு தலைமுறை தலைமுறையாக ஓவியம் தீட்டி வருபவர்கள் 'பட்டுவா' எனப்படுவோர். நீண்ட சுருளில் கதையைக் காட்சி காட்சியாக வரைந்து, அதை விரித்தபடியே பாடுவது இவர்களின் தொழில். இந்துப் புராணக் கதைகளைப் பாடும் இச்சமூகத்தினரில் பலர் இஸ்லாமியர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மேற்கு மேதினிப்பூர் மாவட்டம் பிங்களாவை அடுத்த நயா கிராமத்தில் இம்மரபு இன்றும் தொடர்கிறது.

புளியங்கொட்டைப் பசையும் ஏழு வண்ணங்களும்

கடையில் விற்கும் எண்ணெய் வண்ணங்களையும் ராய் ஒதுக்கினார். மண், சுண்ணம், விளக்குக் கரி, தாவரங்கள் ஆகியவற்றிலிருந்து பெற்ற நிறங்களைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பயன்படுத்தினார். துணி, பாய், பலகை ஆகியவை அவரது தளங்களாயின. பெரும்பாலும் ஏழு வண்ணங்களுக்குள்ளேயே தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டார்.

தடித்த கோடு, ஒளி நிழலற்ற சமதள வண்ணம், நீண்ட பெரிய கண்கள் ஆகியவை அவரது பாணியின் அடையாளங்கள். சந்தாலிப் பெண்கள், தாயும் சேயும், கண்ணனும் கோபியரும், இயேசு கிறிஸ்து, இரை கவ்விய பூனை என அவரது கருப்பொருள்கள் விரிந்தன. பத்மநாபசுவாமி கோயில் உள்ளிட்ட கேரளக் கோயில்களின் சுவரோவியங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, சில வண்ணங்களையும் உறுதியான கோட்டையும் நம்பும் இந்த முறை அந்நியமாகத் தோன்றாது.

பட்டறையும் கையொப்பமும்

ஓவியத்தைப் பலரிடம் கொண்டுசேர்க்க ரவிவர்மா இயந்திரத்தை நாடினார். 1894ஆம் ஆண்டு மும்பையில் அவர் நிறுவிய அச்சகத்தில் உருவான தெய்வப் படங்கள் நாடெங்கும் வீடுகளின் பூசை அறைகளுக்குச் சென்றன. ராய் தேர்ந்தெடுத்ததோ பட்டுவாக்களின் பட்டறை முறை. மகன்களும் உதவியாளர்களும் துணைநிற்க, ஒரே படம் மீண்டும் மீண்டும் கையாலேயே வரையப்பட்டது. ஒற்றைப் படைப்பே உயர்ந்தது என்ற நவீன ஓவிய உலகின் நம்பிக்கையை அவர் ஏற்கவில்லை.

புகழின் உச்சியில் இருந்தபோதும் சில நூறு ரூபாய்க்கே அவர் படங்களை விற்றார். நடுத்தரக் குடும்பத்தினர் அவற்றை வாங்கினர். இரண்டாம் உலகப் போரின்போது கொல்கத்தாவில் தங்கியிருந்த பிரிட்டிஷ், அமெரிக்க வீரர்களும் வாங்கிச் சென்றனர்.

இதே முறை இன்று சிக்கலாகவும் மாறியுள்ளது. அவரது ஓவியங்கள் இப்போது ஏலங்களில் பெரும் விலைக்குப் போகின்றன. ஒரு படத்தில் ராயின் கை எவ்வளவு, உதவியாளரின் கை எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். கோடுகள் எளிமையானவை என்பதால் போலிகளும் பெருகின. எளியோருக்காக வகுத்த வழி, விலை உயர்ந்த பின்னர் மோசடிக்கு இடம் கொடுத்துவிட்டது.

தேசியக் கலைச் செல்வம்

1946இல் லண்டனிலும் 1953இல் நியூயார்க்கிலும் ராயின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1954ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்ற அவர், அடுத்த ஆண்டு லலித் கலா அகாதமியின் முதல் உறுப்பாளராகச் சிறப்பிக்கப்பட்டார். 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி காலமானார்.

தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972இன் கீழ் அவரது படைப்புகள் 1976ஆம் ஆண்டு தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. இத்தகைய படைப்புகளை நாட்டுக்குள் வாங்கலாம், விற்கலாம்; தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. இந்தச் சிறப்பைப் பெற்ற ஓவியர்கள் 9 பேர். அவர்களில் ரவிவர்மா, ரவீந்திரநாத் தாகூர், நிக்கோலஸ் ரோரிக், ஜாமினி ராய் ஆகிய நால்வரின் படைப்புகள் திருவனந்தபுரம் கலைக்கூடத்தில் உள்ளன.

ஏற்றுமதித் தடை ஓவியங்களை நாட்டுக்குள் வைத்திருக்க உதவும். போலிகளை அடையாளம் காட்டாது. ஐயத்துக்குரிய ஒரு படத்தை ஒப்பிட்டுப் பார்க்க, வந்த வழி தெரிந்த படங்கள் தேவை. அந்த வகையில் பொது அருங்காட்சியகங்களின் பழைய சேகரிப்புகளுக்குத் தனி மதிப்பு உண்டு. மேலும், ஓவியம் வாங்க வசதியில்லாத ஒருவரும் ராயின் படத்தை நேரில் காணும் வாய்ப்பு இன்று இத்தகைய கூடங்களில்தான் எஞ்சியிருக்கிறது.