செண்பகத்துக்குப் பக்கத்தில் மட்டிமரம்

மரபுப்படி உருட்டிய நாக் சம்பா ஊதுவத்தியைத் தொட்டால் விரலில் லேசாகப் பிசுக்கு ஒட்டும். அந்தப் பிசுக்கு மட்டிப்பால். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளில் ஓங்கி வளரும் மட்டிமரத்தின் பிசின். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு வத்தியை மொறுமொறுவென்று உலரவிடாமல் வைத்திருப்பது அதுதான். பெயரிலுள்ள சம்பா, செண்பகத்தின் வடநாட்டுப் பெயர். (இப்போது கடையில் கிடைப்பவற்றில் பலவும் செயற்கை வாசனைதான் என்பது வேறு கதை.) பூவின் மணம் சட்டென ஆவியாகிவிடும். பிசினோ கனமானது, மெல்லப் புகைவது. தன்னோடு கலந்த மணத்தையும் சீக்கிரம் ஓடவிடாது. வத்தியில் கூடும் இந்த இரண்டையும் தோட்டத்திலும் கூட்டலாம் என்பது என் கட்சி. காரணமும் ஏறக்குறைய அதேதான்: ஒன்று அவசரப் பொருள், மற்றது காத்திருக்கும் பொருள்.

செண்பகப் பூவைப் பறித்த அன்றே விற்றாக வேண்டும். மறுநாள் இதழ் பழுத்துக் கறுத்துவிடும். ஆகவே பூ தருவது அன்றாடக் கைச்செலவுக் காசு, அதுவும் சந்தை சொல்லும் விலைக்கு. மட்டிப்பாலுக்கு அந்தப் பதற்றம் இல்லை. தகரத்தில் அடைத்துவைத்து விலை பார்த்து விற்கலாம். வயதிலும் இப்படியொரு வரிசை உண்டு. விதையிலிருந்து வந்த செண்பகம் பூக்க எட்டுப் பத்து வருஷம் ஆகலாம். ஒட்டுக்கன்று இரண்டு மூன்று வருஷத்திலேயே பூத்துவிடும். விதைதான் வேண்டும் என்பவர்கள் சிவந்த சதையைக் கழுவிய கையோடு ஊன்றிவிட வேண்டும். காயவைத்து எடுத்துவைத்தால் முளைக்காது. மட்டியோ பால் வடிக்கும் பருவத்துக்கு வருமுன்பே வேலைக்கு வந்துவிடுகிறது. கேரள வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏறுவது அதன் மேல், இஞ்சி விளைவது அதன் அடியில்.

நிழலில் செண்பகம் பூக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, வெயில் குறைந்தால் பூவும் குறையும். ஆனால் மட்டியின் தலை ஆலமரம்போலப் பரந்து கவிவதில்லை; நேராக உயர்ந்து சிறு குடையாக நிற்கும், இடையிடையே வெயில் இறங்கும். போதாதென்றால் மட்டியை வடக்கு வரப்பில் நட்டால் போதும். சித்திரை முதல் ஆவணி வரையிலான மாதங்களை விட்டால் நம் பக்கத்தில் உச்சி வேளை நிழல் வடக்கேதான் விழும். மட்டியை மட்டும் தோப்பாக நடுவதில்தான் உண்மையான ஆபத்து. இலையைத் தின்றும், குருத்தைக் கூடுகட்டி அரித்தும் அதை மொட்டையாக்கும் இரண்டு வகைப் புழுக்கள் இருக்கின்றன. அவை நாடுவது இந்த மரத்தின் இனத்தையே. நடுவே வேறு மரம் நின்றால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது அவற்றுக்கு அவ்வளவு சுலபமில்லை.

பால் வடித்தால் மரம் செத்துவிடாதா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். பிசின் என்பது காயத்தை அடைக்கவும் பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கவும் மரம் வைத்திருக்கும் ஆயுதம். அதை எடுப்பதென்றால் மரத்தைக் காயப்படுத்தித்தான் எடுக்க வேண்டும். காட்டு மரங்களைக் கண்மண் தெரியாமல் கொத்தியதில் பல பட்டுப்போயின. ஆனால் அவை யாருக்கும் சொந்தமில்லாத மரங்கள். சொந்த மரமென்றால் கதை வேறு. சுமத்ராவின் மேற்குக் கரையில் குருயி பகுதிக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், காட்டில் பிசின் தரும் டாமர் மரம் அருகியபோது, கன்றுகளைத் தங்கள் நிலத்தில் காப்பிச் செடிகளுக்கிடையே நட்டார்கள். காப்பி ஓய்ந்தபின், இருபது இருபத்தைந்து வருஷத்தில் டாமர் பயனுக்கு வந்தது. பிரம்பு வாரை இடுப்பில் மாட்டி ஏறி, அடிமரத்தில் வரிசையாக முக்கோணக் குழிகளைச் செதுக்குகிறார்கள். பிசின் குழியிலேயே கசிந்து இறுகிக் கண்ணாடிக்கட்டிபோல் ஆகும். மறுமுறை வரும்போது அதைப் பெயர்த்தெடுத்துக் குழியைப் புதுப்பிக்கிறார்கள். ஒரே மரம் பல பத்தாண்டுகள் தருகிறது. 1998-இல் இந்தோனேசிய வனத்துறை அமைச்சகம் இத்தகைய தோட்டங்கள் உள்ள 29,000 ஹெக்டேரைத் தனி வகையாக அங்கீகரித்தது. தன் பிள்ளை ஏறப்போகும் மரத்தை எவனும் ஆழமாக வெட்டமாட்டான்.

மட்டிக்கு அந்தப் பொறுமை முழுக்கத் தேவைப்படாது, ஏனென்றால் அதற்குத் தீக்குச்சி மரமாகவும் கிராக்கி உண்டு. காயம்பட்ட அடித்துண்டுக்கு விலை குறையுமே என்றால், ரப்பர்க்காரர்கள் வழி இருக்கிறது: மரத்தை விற்பதென்று முடிவான கடைசி வருஷங்களில் மட்டும் கடும்வெட்டு. பூ வாங்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு, மட்டிப்பால் வாங்க இல்லை என்பதை மறுக்க முடியாது. ஊதுவத்தித் தொழில் பெரும்பாலும் பெங்களூரிலும் மைசூரிலும் இருக்கிறது, பத்து மரத்துப் பாலுக்காக அங்கிருந்து யாரும் லாரி அனுப்பமாட்டார்கள். நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து சேர்த்துவைத்தால் பேரம் பேசலாம். அதுவும் படியவில்லையென்றால் கத்தி வைக்காமலே விட்டுவிடலாம். கீறாத மரம் சிவகாசிக்கு முழு விலைக்குப் போகும்.