பூட்டு எங்கே இருக்கிறது?

பழைய மடிக்கணினி ஒன்றை அப்பா வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதியதின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். விசையை அழுத்தினால் திரை ஒளிர்கிறது; கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடுகிறது. விற்றவரிடம் கேட்டால் தமக்கும் தெரியாது என்கிறார். “அதனால் என்ன? விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்” என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

சரியாகிவிடுமா? சில சமயம் ஆகும். சில சமயம் எத்தனை முறை போட்டாலும் ஆகாது. இது அண்ணனின் திறமையைப் பொறுத்ததன்று. பூட்டு கணிப்பொறியின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சுவரில் வாசல் கேட்டு ஒன்று. அதைத் தாண்டினால் வீட்டுக் கதவு. உள்ளே நகை வைக்கும் இரும்புப் பெட்டி. இவை மூன்றும் கண்ணுக்குத் தெரியும் பூட்டுகள். நான்காவது ஒன்றும் உண்டு. அது வீட்டில் இல்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. வீடு யார் பெயரில் உள்ளது என்ற பதிவுதான் அது. மடிக்கணினியிலும் இப்படி நான்கு இடங்களில் பூட்டு இருக்கலாம். இயக்க அமைப்பைப் புதிதாக நிறுவுவது, சுவருக்குள் இருக்கும் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்குச் சமம். இடிக்கும்போது எந்தப் பூட்டு போகும், எது போகாது என்று பார்ப்போம்.

விசையை அழுத்தியதும் நடப்பது

மின்விசையை அழுத்திய கணத்தில் கணிப்பொறியின் தற்காலிக நினைவகம் வெறுமையாக இருக்கும். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகள் சேமிப்பு வட்டில் உறங்கிக்கொண்டிருக்கும். வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் வட்டிலேயே இருந்தால், அதை எடுத்து வருவது யார்?

இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தாய்ப்பலகையில் தனிச் சில்லு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் எழுதியதை மறக்காத சில்லு அது. கணிப்பொறியின் மூளையான செயலி, தன் முதல் கட்டளையை இதிலிருந்தே படிக்கிறது. அதிலுள்ள நிரலுக்குப் பயாஸ் என்று பெயர். 1981 இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணிப்பொறியில் இந்த நிரல் 8 கிலோபைட் அளவே இருந்தது. இன்று அந்த இடத்தில் இருப்பது யூஇஎஃப்ஐ என்னும் பெரிய நிரல். ஆனாலும் பழக்கத்தால் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறார்கள்.

முதலில் பயாஸ், பிறகு வட்டு, அதன்பின் இயக்க அமைப்பு. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பூட்டு: வாசல் கேட்டு

பயாஸுக்கே ஒரு கடவுச்சொல் வைக்கலாம். வைத்துவிட்டால், வட்டைத் தேடிப் போவதற்கு முன்பே கணிப்பொறி நின்று கேள்வி கேட்கும். இதில் இன்னொரு வகையும் உண்டு. அது கணிப்பொறியைத் தொடங்க விடும்; ஆனால் அமைப்புகளை மாற்றவோ, பென் டிரைவிலிருந்து தொடங்கவோ விடாது.

“உள்ளே இருக்கும் சிறு மின்கலத்தைக் கழற்றினால் பூட்டு போய்விடும்” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழைய மேசைக் கணிப்பொறிகளுக்கு அது பொருந்தும். 1984 இல் வந்த ஐபிஎம் ஏடி வகையிலிருந்து, அமைப்பு விவரங்களை மின்கலத்தால் உயிர் வாழும் சிறு நினைவகத்தில் எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. மின்கலத்தை எடுத்தால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் கடவுச்சொல் மின்சாரமே வேண்டாத சில்லில் எழுதப்படுகிறது. மின்கலத்தைக் கழற்றினால் கடிகாரம் நிற்கும்; பூட்டு நிற்காது.

இந்தப் பூட்டு வட்டில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே வட்டை அழித்துப் புதிய இயக்க அமைப்பை நிறுவினாலும் இது அசையாது. வாங்கிய ரசீதைக் காட்டினால் சில உற்பத்தி நிறுவனங்கள் திறந்து தருகின்றன. சில நிறுவனங்கள் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்கின்றன.

இரண்டாம் பூட்டு: வீட்டுக் கதவு

நாம் அன்றாடம் பார்ப்பது இதைத்தான். பயனாளரின் பெயரைக் காட்டி இயக்க அமைப்பு கேட்கும் கடவுச்சொல் அது. இது வட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அப்படியே எழுதப்படவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 5283 உங்கள் இரகசிய எண். அதன் வர்க்கம் 2,79,10,089. இதை 97 ஆல் வகுத்தால் மீதி 85. இப்போது 5283 ஐ அழித்துவிட்டு 85 ஐ மட்டும் எழுதிவையுங்கள். நாளை ஒருவர் வந்து 5283 என்றால், அதே கணக்கைப் போட்டு 85 வருகிறதா என்று சரிபார்க்கலாம். ஆனால் 85 ஐ மட்டும் பார்த்தவரால் 5283 ஐக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு திசையில் மட்டும் எளிதாகச் செல்லும் இத்தகைய கணக்குக்கு ஹாஷ் என்று பெயர். நம் உதாரணத்தில் வேறு பல எண்களும் 85 ஐத் தரும். உண்மையான ஹாஷ் கணக்குகளில் அப்படி இரண்டு எண்கள் ஒத்துப்போவதைக் காண்பது நடைமுறையில் இயலாத காரியம். யூனிக்ஸ் இயக்க அமைப்பில் இந்த முறை வளர்ந்த கதையை ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்சன் ஆகிய இருவரும் 1979 இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள்.

ஆகவே மறந்த கடவுச்சொல்லை வட்டிலிருந்து படித்துச் சொல்ல முடியாது. ஆனால் வட்டையே அழித்துவிட்டால், அந்த ஹாஷும் சேர்ந்து போய்விடும். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது இந்தப் பூட்டுக்கு முற்றிலும் பொருந்தும்.

புதிய வீடு கட்டும் முறை

இயங்கிக்கொண்டிருக்கும் இயக்க அமைப்பு, தான் இருக்கும் வட்டைத் தானே முழுவதும் அழிப்பது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது போன்றது. எனவே வேறொரு இடத்திலிருந்து கணிப்பொறியைத் தொடங்க வேண்டும். 8 கிகாபைட் கொள்ளளவு கொண்ட பென் டிரைவ் ஒன்று இதற்குப் போதும்.

வேறொரு கணிப்பொறியில், இயக்க அமைப்பை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே நிறுவல் கோப்பை இறக்க வேண்டும். யாரோ தரும் நகலில் வேண்டாத நிரல் ஒளிந்திருக்கலாம். லினக்ஸ் தளங்களில் கோப்புடன் 64 இலக்கங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். எஸ்எச்ஏ-256 என்னும் ஹாஷ்தான் அது. இறக்கிய கோப்புக்கும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எண் முற்றிலும் வேறாக வரும்.

பிறகு அந்தக் கோப்பை அதற்குரிய நிரலால் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். மடிக்கணினியில் செருகி, தொடங்கும்போது உரிய விசையை அழுத்தினால், எங்கிருந்து தொடங்குவது என்று பயாஸ் கேட்கும். பல மடிக்கணினிகளில் அது எஃப்12 விசை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் நிறுவல் நிரல் தொடங்கும். பழைய வட்டுப் பிரிவுகளை நீக்கிவிட்டு அதில் நிறுவச் சொன்னால், மற்றதை நிரலே பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸ் உரிமம் போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம். 2012 இல் விண்டோஸ் 8 வந்தது முதல், விண்டோஸுடன் விற்கப்படும் கணிப்பொறிகளின் உரிம எண்ணை உற்பத்தியாளர்கள் பயாஸ் சில்லிலேயே எழுதிவிடுகிறார்கள். ஆனால் விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பை எதிர்பார்க்கிறது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது இல்லை. அவற்றுக்கு லினக்ஸ் நல்ல வழி. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றுள் ஒன்று.

அழித்தது அழிந்ததா?

அமெரிக்காவின் எம்ஐடியில் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ஆகியோர் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்தார்கள். முடிவு 2003 இல் வெளிவந்தது. இயங்கியவை 129. அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! மற்றவற்றில் கடிதங்கள், மருத்துவ விவரங்கள், ஆயிரக்கணக்கான கடன் அட்டை எண்கள் எல்லாம் கிடந்தன. விற்றவர்களில் பலர் அழித்துவிட்டோம் என்றே நம்பியிருந்தார்கள்.

காரணம் எளிது. காந்த வட்டில் கோப்பை நீக்குவது, நூலகத்தின் அட்டவணைச் சீட்டைக் கிழிப்பது போன்றது. புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். அந்த இடத்தில் வேறொன்றை எழுதும்வரை அது போகாது. அப்படியானால், பழைய மடிக்கணினியோடு இன்னொருவரின் குடும்பப் படங்களும் நம் கைக்கு வந்துவிடக்கூடும் அல்லவா? இதைத் தடுக்கத்தான் மூன்றாம் பூட்டு.

மூன்றாம் பூட்டு: இரும்புப் பெட்டி

இதில் வட்டின் உள்ளடக்கமே புரியாத வடிவில் எழுதப்படுகிறது. இதற்குக் குறியாக்கம் என்று பெயர். 2007 இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் சில பதிப்புகளில் பிட்லாக்கர் என்ற பெயரில் இது அறிமுகமானது. அண்மைக் காலத்துக் கணிப்பொறிகள் பலவற்றில், உரிமையாளர் அறியாமலே இது இயங்கிக்கொண்டிருக்கும்.

128 பிட் நீளமுள்ள திறவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2 ஐ 128 முறை பெருக்கினால், ஏறத்தாழ 340 ஐ எழுதி அதன்பின் 36 பூஜ்யங்கள் போட்ட எண் வரும். அத்தனை திறவுகோல்கள் இருக்கலாம். விநாடிக்கு ஒரு லட்சம் கோடி திறவுகோல்களைப் போட்டுப் பார்க்கும் பொறி ஒன்று இருந்தாலும், அனைத்தையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப் போல் சுமார் 78 கோடி மடங்கு காலம் ஆகும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஆனால் இந்தப் பூட்டு காப்பது தகவலை மட்டுமே, பொறியை அன்று. வட்டை அழித்துப் புதிதாக நிறுவ இது தடையில்லை. பெட்டியைத் திறக்காமலே தூக்கி எறிந்துவிடுகிறோம். பழைய உரிமையாளரின் இரகசியம் அவரோடு போகிறது. மடிக்கணினி நமக்குக் கிடைக்கிறது.

நான்காம் பூட்டு: பத்திரப் பதிவு

இது கணிப்பொறிக்கு வெளியே இருக்கும் பூட்டு. ஒவ்வொரு மடிக்கணினிக்கும் தனி அடையாள எண் உண்டு. ‘இந்த எண் கொண்ட பொறி எங்களுடையது’ என்று ஒரு நிறுவனமோ பள்ளியோ தொலைவிலுள்ள வழங்கிக் கணிப்பொறியில் பதிந்து வைக்கலாம். புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்தவுடன், பொறி தன் எண்ணைச் சொல்கிறது. பதிவைப் பார்த்துவிட்டுப் பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்கிறது. 2018 முதல் டி2 சில்லுடன் வந்த ஆப்பிள் மடிக்கணினிகளிலும், அதற்குப் பின் வந்தவற்றிலும் இத்தகைய பூட்டைப் போட முடியும். அலுவலக விண்டோஸ் கணிப்பொறிகளிலும் பள்ளிகளின் குரோம்புக்குகளிலும் இதே ஏற்பாடு உண்டு. வீட்டை எத்தனை முறை இடித்துக் கட்டினாலும் பத்திரம் மாறுமா?

அர்ஜென்டினாவில் 2010 இல் தொடங்கிய ‘கொனெக்தார் இகுவால்தாத்’ திட்டத்தில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு லட்சக்கணக்கான சிறு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. திருட்டைத் தடுக்க ஒவ்வொன்றிலும் காலாவதித் தேதியுள்ள மின்னணுச் சான்றிதழ் வைக்கப்பட்டது. பள்ளியின் வழங்கியோடு அவ்வப்போது இணைந்தால் சான்றிதழ் புதுப்பிக்கப்படும்; நெடுநாள் இணையாவிட்டால் மடிக்கணினி பூட்டிக்கொள்ளும். திருடனுக்கு அது பயன்படாது. ஆனால் உரிய மாணவரும், பள்ளி தரும் எண் கிடைக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். படிப்பை முடித்தவர்களின் பொறியைப் பள்ளி நிரந்தரமாக விடுவித்துக் கொடுத்தது.

பூட்டின் இரு முகமும் இங்கே தெரிகின்றன. விடுவிக்க மறந்துபோனால், நல்ல நிலையிலுள்ள பொறி குப்பைக்குப் போகும். 2022 இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதமே என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. விற்பவர் ஐந்து நிமிடம் செலவழித்துத் தம் கணக்கை நீக்கியிருந்தால், அந்தக் குவியலில் ஒரு மடிக்கணினியாவது குறைந்திருக்கும்.

ஆகவே பழைய மடிக்கணினி வாங்கும்போது, விற்பவர் முன்னிலையிலேயே அதைத் தொடங்கிப் பாருங்கள். அவருடைய கணக்கையும் பயாஸ் கடவுச்சொல்லையும் அவரையே நீக்கச் சொல்லுங்கள். அடியிலுள்ள அடையாள எண் ரசீதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் திரையில் வந்தால், அந்த நிறுவனம் விடுவித்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். ‘எந்தப் பூட்டையும் உடைத்துத் தருகிறோம்’ என்பவரிடம் போக வேண்டாம். அது திருட்டுப் பொருளாக இருந்தால், உரியவர் எங்கோ அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

எது எந்தப் பூட்டு?

கீழே நான்கு நிலைகள். விடையைப் பார்க்கும் முன் யோசியுங்கள்.

1. விசையை அழுத்தியதும், வேறெதுவும் வருமுன் கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்கப்படுகிறது. வட்டைக் கழற்றிவிட்டாலும் அதே கேள்வி.

2. நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படுகிறது.

3. பழைய உரிமையாளரின் பெயரும் படமும் தோன்றுகின்றன. கீழே கடவுச்சொல் கட்டம்.

4. புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்தவுடன், ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து ‘உள்நுழைக’ என்கிறது.

விடைகள்: 1. வாசல் கேட்டு, ரசீதுடன் உற்பத்தி நிறுவனத்திடம் செல்ல வேண்டும். 2. இரும்புப் பெட்டி, தகவல் உரியவருக்கே, ஆனால் புதிதாக நிறுவலாம். 3. வீட்டுக் கதவு, புதிதாக நிறுவினால் போய்விடும். 4. பத்திரப் பதிவு, பதிந்தவர்தான் விடுவிக்க முடியும்.