பழைய புகைப்படம் பேசுகிறது

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. பழைய நீராவி இரயில் படங்களை ஆராயும் ஆர்வலர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

நீராவி இரயிலின் தாயகமான பிரிட்டனில், முக்கியப் பாதைகளில் அரசு இரயில்வேயின் நீராவி வண்டிகள் 1968 ஆகஸ்டு மாதத்தோடு நின்றன. பெரும்பாலான எஞ்சின்கள் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயின. இன்று அவற்றுக்குப் புகைப்படங்களே சாட்சி. ஆனால் பல படங்களில் ஊரும் இல்லை, தேதியும் இல்லை. பின் எவ்வாறு கண்டறிவது?

'பிளையிங் ஸ்காட்ஸ்மன்' என்னும் புகழ்பெற்ற எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 1923-இல் அது உருவானபோது அதன் எண் 1472. மறு ஆண்டில் 4472 ஆயிற்று. 1946-இல் 103, 1948-இல் இரயில்வே நாட்டுடைமையான பின் 60103. எனவே எண்ணைக் கண்டால் காலத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? அதுதான் இல்லை! 1963-இல் ஆலன் பெக்ளர் என்பவர் அதை விலைக்கு வாங்கி, மீண்டும் 4472 என்ற பழைய எண்ணையே தீட்டச் செய்தார். எண்ணை மட்டும் நம்பினால் கணக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் தவறிவிடும்.

ஆகவே ஆர்வலர்கள் வேறு சான்றும் தேடுகின்றனர். நீராவி மறைய மறைய, எஞ்சினுக்கு நீர் நிரப்பும் வசதிகளும் வழியில் மறைந்தன. அதனால் 1966-இல் அந்த எஞ்சினுக்கு, நீர் சுமக்கும் இரண்டாவது 'டெண்டர்' வண்டி சேர்க்கப்பட்டது. படத்தில் இரு டெண்டர்கள் தெரிந்தால் அது 1966-க்கு முற்பட்டதன்று!

முகப்பு விளக்குகளும் பேசும். இரு பஃபர்களுக்கும் மேலே ஒவ்வொரு விளக்கு இருந்தால் விரைவு வண்டி. புகைபோக்கியின் முன் ஒரே விளக்கு இருந்தால் ஊர்தோறும் நிற்கும் பயணிகள் வண்டி என்பது அங்கு வழக்கம். பாலமும் கைகாட்டியும் இடத்தைச் சொல்லும். நிழல் பொழுதைச் சொல்லும். இவை யாவும் ஒத்துவந்தால்தான் முடிவு கூறுவர். ஏனெனில், தவறான குறிப்பு ஒருமுறை அச்சேறிவிட்டால் அதுவே வரலாறாகிவிடும்.

தோழியரே! எஞ்சினுக்காவது எண் உண்டு. நம் வீட்டுப் பழைய படங்களில் உள்ள முகங்களுக்கு எண் ஏது? பாட்டியும் தாத்தாவும் நம்மோடு இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்லப் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்போம்.