பிபிடி முடிச்சாச்சு, அடுத்து அமெரிக்க டிபிடி-யா? பணம் கட்டும் முன் இதைப் படிங்க

பிசியோதெரபி படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் இருந்தால், இந்த மாதிரி விளம்பரம் ஒருமுறையாவது கண்ணில் பட்டிருக்கும். 'வேலையை விடாமல், வீட்டிலிருந்தே, அமெரிக்க டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி பட்டம்!' கூடவே ஒரு போன் நம்பர், சுதந்திர தேவி சிலை, சிரித்தபடி ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒரு பெண்.

கைக்கு வரும் சம்பளம் வாடகைக்கும் பெட்ரோலுக்கும் சரியாகப் போய்விடும் நிலையில், அந்த நம்பருக்கு ஒரு 'ஹாய்' தட்டிவிடத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த விளம்பரத்தில் இருக்கும் பட்டமும், அமெரிக்காவில் நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை தர உரிமை வாங்கித் தரும் பட்டமும் ஒன்றல்ல. பெயர் மட்டும்தான் ஒன்று. இந்த வித்தியாசம் தெரியாமல் லட்சக்கணக்கில் பணம் கட்டிவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் அதைத் தெளிவாக்கிக்கொண்டு, அப்புறம் விண்ணப்பத்துக்கு வருவோம்.

டிபிடி என்றால் என்ன?

இங்கே பிளஸ் டூ முடித்ததும் நேரடியாக பிபிடி சேரலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. முதலில் ஏதாவது ஒரு பாடத்தில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம். அதற்குப் பிறகுதான் பிசியோதெரபி. அந்தப் படிப்பின் பெயர் டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி, சுருக்கமாக டிபிடி. பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். அதில் குறைந்தது 30 வாரம் முழுநேர கிளினிக்கல் பயிற்சி.

ஒரு காலத்தில் அங்கும் இளநிலை, முதுநிலைப் பட்டங்களோடு பிசியோதெரபிஸ்ட் ஆக முடிந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரைட்டன் பல்கலைக்கழகம்தான் 1993-ல் முதன்முதலாக டிபிடி-யை நுழைவுநிலைப் படிப்பாகத் தொடங்கியது. பிறகு ஒவ்வொரு பள்ளியாக மாறி, 2016 முதல் நுழைவுநிலைப் படிப்புகள் எல்லாம் டிபிடி-யாகத்தான் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. இந்த விதியை வைத்தது 'கேப்டி' எனப்படும் அங்கீகார ஆணையம். இந்தப் பெயரை மனதில் வையுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

ஏன் 'டாக்டர்' அளவுக்குக் கொண்டுபோனார்கள்? அங்கே 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகையில், மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே நோயாளி நேராக பிசியோதெரபிஸ்ட்டிடம் வரலாம். முதுகு வலி என்று வருபவருக்கு அது வெறும் தசைப்பிடிப்பா, புற்றுநோயின் அறிகுறியா, சிறுநீரகப் பிரச்சினையா என்று சந்தேகப்படத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்புக்கு ஏற்ற படிப்பு என்பது அவர்கள் வாதம்.

ஒரே பெயர், வேறு வேறு பாதை

நம் ஊர் பிபிடி பட்டதாரிக்கு முன்னால் உண்மையில் இருப்பவை மூன்று.

ஒன்று, கேப்டி அங்கீகாரம் பெற்ற நுழைவுநிலை டிபிடி. நேரில் போய், முதல் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டும் படிக்க வேண்டும். 'நான் ஏற்கெனவே பிசியோ, அனாட்டமி எல்லாம் படிச்சிட்டேன்' என்றாலும் பொதுவாகச் சலுகை கிடையாது.

இரண்டாவது, டிரான்சிஷனல் டிபிடி. இது பழைய பட்டத்தோடு ஏற்கெனவே உரிமம் வாங்கி வேலை பார்க்கும் தெரபிஸ்ட்கள் தங்கள் படிப்பை மேம்படுத்திக்கொள்வதற்காக வந்தது. வாட்ஸ்அப் விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். நல்ல பல்கலைக்கழகங்களும் இதை நடத்துகின்றன. மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேப்டி இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவதே இல்லை. இதை முடித்த ஒரே காரணத்தால் உரிமத் தேர்வு எழுதும் தகுதி வந்துவிடாது. பட்டச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டலாம். அமெரிக்க கிளினிக்கில் வேலை கேட்க முடியாது.

மூன்றாவது, புதிதாகப் பட்டமே படிக்காமல், கையில் இருக்கும் பிபிடி-யை மதிப்பீடு செய்து நேராக உரிமத் தேர்வுக்குப் போவது. வெளிநாட்டில் படித்தவர்களின் படிப்பு, அமெரிக்கப் படிப்புக்குச் சமமா என்று பார்க்கத் தனி அமைப்பு இருக்கிறது, எஃப்சிசிபிடி என்று பெயர். உங்கள் கல்லூரியிலிருந்து மதிப்பெண் விவரமும் விரிவான பாடத்திட்டமும் அவர்களுக்குப் போக வேண்டும். எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், எவ்வளவு கிளினிக்கல் பயிற்சி என்று வரிவரியாகப் பார்ப்பார்கள். நீங்கள் முடித்த ஆண்டைப் பொறுத்து அளவுகோல் மாறும்; எந்த அளவுகோலை ஏற்பது என்பதை அந்தந்த மாநிலம் முடிவு செய்யும்.

என் கருத்தைக் கேட்டால், டிபிடி-க்கு விண்ணப்பிக்கும் யோசனை இருப்பவர்கள்கூட முதலில் இந்த மூன்றாவது வழியை விசாரித்துவிட வேண்டும். சிலருக்கு நாலைந்து பாடம் மட்டும் குறையும். அதைத் தனியாகப் படித்து ஈடுகட்டிவிடலாம். அப்போது டிரான்சிஷனல் டிபிடி-யில் இருக்கும் சில பாடங்கள்கூடக் கைகொடுக்கலாம். ஆனால் மதிப்பீட்டுக்குப் பிறகு, எது குறைகிறது என்று தெரிந்த பிறகு சேர்வது வேறு. விளம்பரத்தைப் பார்த்துச் சேர்வது வேறு.

எந்த வழியில் போனாலும் கடைசியில் நிற்பது என்பிடிஇ என்ற தேசிய உரிமத் தேர்வு. 200 முதல் 800 வரையிலான அளவில் 600 எடுத்தால் தேர்ச்சி. 12 மாதத்தில் மூன்று முறை, வாழ்நாளில் ஆறு முறைதான் எழுதலாம். நம் ஊர் அரியர் மாதிரி முடியும்வரை எழுதிக்கொண்டிருக்க முடியாது.

இந்தத் தேர்வோடு நமக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. வினாக்களை மனப்பாடம் செய்துவந்து பகிர்ந்துகொண்ட விவகாரத்தால் 2010-ல் இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து ஆகிய நாடுகளில் படித்த அனைவருக்கும் இந்தத் தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு அவர்களுக்கென்றே தனி வினாத்தாள் வந்தது. யாரோ சிலர் செய்த தப்புக்கு, நேர்மையாகப் படித்தவர்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். 'ஒரிஜினல் கொஸ்டின் எங்ககிட்ட இருக்கு' என்று எந்தக் கோச்சிங் சென்டராவது சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, விண்ணப்பம்

நுழைவுநிலை டிபிடி-தான் என்று முடிவு செய்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பள்ளிகளுக்கு 'பிடிகாஸ்' என்ற பொது விண்ணப்பத் தளம் இருக்கிறது. ஒரே விண்ணப்பம், பல பள்ளிகள். ஆண்டுதோறும் ஜூன் மாத நடுவில் திறக்கும். அடுத்த ஆண்டு சேர்க்கைக்கானது. கட்டணம் முதல் பள்ளிக்கு 150 டாலருக்கு மேல், அடுத்தடுத்த பள்ளிகளுக்கு அதைவிடக் குறைவு. பல பள்ளிகள் வரவர இடத்தை நிரப்பிக்கொண்டே போகும். கடைசித் தேதி வரை காத்திருந்தால், விண்ணப்பம் செல்லும், இடம்தான் இருக்காது.

பிபிடி படித்தவர்கள் எதிர்பார்க்காமல் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முன்தேவைப் பாடங்கள். அனாட்டமி, பிசியாலஜி, சைக்காலஜி, புள்ளியியல் எல்லாம் நம்மிடம் இருக்கும். ஆனால் பல பள்ளிகள் கல்லூரி அளவிலான இயற்பியல், வேதியியல் இரண்டையும், ஆய்வகத்தோடு, தலா இரண்டு செமஸ்டர் கேட்கின்றன. நாம் இயற்பியலைக் கடைசியாகத் தனிப் பாடமாகப் படித்தது பிளஸ் டூ-வில்! அது கணக்கில் வராது. 'எலக்ட்ரோதெரபி, பயோமெக்கானிக்ஸ் எல்லாமே பிசிக்ஸ்தானே' என்று வாதாடிப் பார்க்கலாம். ஒத்துக்கொள்வது அந்தப் பள்ளியின் விருப்பம். சில பள்ளிகள் முன்தேவைப் பாடங்களை அமெரிக்கக் கல்லூரியில்தான் படித்திருக்க வேண்டும் என்றும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு முன் படித்தது செல்லாது என்றும் சொல்கின்றன. அதனால் பள்ளியின் தரவரிசையைப் பார்க்கும் முன், அதன் முன்தேவைப் பட்டியலைப் பாருங்கள். மின்னஞ்சலில் கேட்டால் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மதிப்பெண் பட்டியலை அமெரிக்கக் கிரெடிட் கணக்குக்கு மாற்ற டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனங்களின் பாடவாரி மதிப்பீடு தேவைப்படும். இதுவும் மேலே சொன்ன எஃப்சிசிபிடி மதிப்பீடும் வேறு வேறு. முன்னது கல்லூரிச் சேர்க்கைக்கு, பின்னது உரிமத்துக்கு. ஒன்றுக்குக் கட்டிய பணம் மற்றதற்கு உதவாது.

ஜிஆர்இ? முன்பு பெரும்பாலும் கட்டாயம். இப்போது நிறைய பள்ளிகள் கைவிட்டுவிட்டன. பட்டியலில் உள்ள ஒரு பள்ளிக்காக மட்டும் அதை எழுத வேண்டுமா என்று யோசியுங்கள்.

அடுத்தது, கிளினிக்கில் உட்கார்ந்து கவனித்த நேரம். பிசியோதெரபிஸ்ட் எப்படி வேலை செய்கிறார் என்று இத்தனை மணி நேரம் பார்த்திருக்க வேண்டும் என்று சில பள்ளிகள் கேட்கும். மூன்று ஆண்டு வேலை பார்த்தவரிடம் போய் 'வேடிக்கை பார்த்தாயா' என்று கேட்பது வேடிக்கைதான். ஆனால் கையெழுத்துப் போடுபவர் அமெரிக்க உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்று ஒரு பள்ளி சொன்னால், நம் ஊர் அனுபவம் அந்தக் கட்டத்தை நிரப்பாது.

அந்த 4,500 எழுத்துக்கள்

பிடிகாஸில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். இடைவெளி உள்பட 4,500 எழுத்துக்கள், வார்த்தைகள் அல்ல. கிட்டத்தட்ட ஒன்றரைப் பக்கம். தலைப்பை அவர்களே தருவார்கள்.

நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான் என்பேன். 'சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற எண்ணம்...' என்று தொடங்கும் கட்டுரையை ஆயிரம் பேர் அனுப்பியிருப்பார்கள். படிப்பவருக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. அதற்குப் பதிலாக, பக்கவாதம் வந்து படுத்திருந்தவர் தானே எழுந்து கழிப்பறைக்குப் போய் வந்த அன்று, அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் நீங்கள் எதை மாற்றி மாற்றி முயன்றீர்கள், எது பலிக்கவில்லை, வீட்டில் கைப்பிடி மாட்டச் சொல்லி அவர் மகனை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எழுதினால், அதை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. நோயாளியின் பெயரும் அடையாளமும் மட்டும் வரவே கூடாது.

இன்னொன்று, ஏற்கெனவே பிசியோதெரபிஸ்ட்டாக இருப்பவர் எதற்காக மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்? இந்தக் கேள்வி தேர்வுக் குழுவுக்கு வரத்தான் செய்யும். நேர்காணலிலும் கேட்பார்கள். 'அமெரிக்காவில் வேலை பார்க்க இதுதான் வழி' என்பது உண்மையான பதில்தான், ஆனால் போதாது. இங்கே உங்களால் செய்ய முடியாமல் போன ஒன்றைச் சொல்லுங்கள்.

ஏஜென்சி எழுதித் தரும் கட்டுரையை அப்படியே ஒட்டாதீர்கள். எல்லாம் என் சொந்த எழுத்து என்று உறுதிமொழி கொடுத்துத்தான் சமர்ப்பிக்கிறீர்கள். பரிந்துரைக் கடிதமும் அப்படியே. 'நீயே எழுதிட்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடுறேன்' என்று சொல்லும் பேராசிரியர்கள் நம்மிடம் உண்டு. பிடிகாஸில் கோரிக்கை நேராக அவருடைய மின்னஞ்சலுக்குப் போகும். அவரே உள்நுழைந்து பதில் தர வேண்டும். நான்கு பேர் வரை கேட்கலாம். சாருக்கு மெயில் பார்க்கும் பழக்கம் இருக்கிறதா என்பதையும் சேர்த்து யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

பணமும் விசாவும்

தனியார் பள்ளிகளில் மூன்று ஆண்டுப் படிப்புக் கட்டணம் மட்டும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தாலே 90 லட்சம். சாப்பாடு, வாடகை, காப்பீடு தனி. அமெரிக்க அரசின் கல்விக் கடன் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. எஃப்-1 விசாவுக்கான ஐ-20 படிவம் வர, முதல் ஆண்டுச் செலவுக்கான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும்.

மறுபக்கம், அங்கே பிசியோதெரபிஸ்ட்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2024-ல் 1,01,020 டாலர் என்கிறது அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பு. கடன் வாங்கினால் அடைத்துவிடலாம் போலத் தெரியும், அங்கேயே தொடர்ந்து வேலை பார்க்க முடிந்தால்.

சிக்கல் அந்த 'முடிந்தால்'-இல் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். ஐடி படித்த நண்பர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இந்தப் படிப்புக்குக் கிடையாது. அந்த ஒரு வருடத்துக்குள் உரிமம் வாங்கி, வேலை தேடி, எச்-1பி குலுக்கலில் பெயர் விழ வேண்டும். பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற மருத்துவமனைகளும் குலுக்கலுக்கு வெளியே வருகின்றன என்பதால், வேலை தேடும்போது அவற்றை முதலில் பார்ப்பது நல்லது. 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஒரு லட்சம் டாலர் எச்-1பி கட்டணம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்களைக் குறிவைக்கிறது. அதாவது இங்கிருந்தபடியே உரிமம் வாங்கிப் போகலாம் என்று திட்டமிடுபவர்களுக்குத்தான் அடி பலம்.

கிரீன் கார்டில் பிசியோதெரபிஸ்ட்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. நர்ஸ்களைப் போலவே இவர்களும் 'ஷெட்யூல் ஏ' பட்டியலில் வருவதால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி நிரூபிக்கும் நீண்ட கட்டம் தேவையில்லை. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது. சலுகை அந்த வரிசையைக் குறைப்பதில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் போவது என்றால், அடுத்த ஜூனில் தளம் திறக்கும்போது கையில் இருக்க வேண்டியவற்றை இப்போதே தொடங்குங்கள். விரும்பும் பள்ளி ஒவ்வொன்றின் பெயரும் கேப்டி வலைதளப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்; இலவசம், ஐந்து நிமிடம். பிறகு மதிப்பெண் சான்றும் பாடத்திட்டமும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படித்தவர் என்றால், கிண்டிக்கும் கல்லூரி அலுவலகத்துக்கும் சில நடை நடக்க வேண்டியிருக்கும். லீவை இப்போதே சேர்த்து வையுங்கள்.